சொல்லச் சொன்னார்

அவளுக்குச் சொந்த வீட்டில் ஊமைக்கோட்டான் என்று பெயர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று அம்மா கேட்காத நாள் கிடையாது. அந்தக் கேள்விக்கும் அவள் பதில் சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் கழிவுநீர்ப் பொறியியல் மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறாள் என்றதும் உறவுக்காரர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: "அங்க போய் யாரோட பேசுவா?" என்ன படிக்கப் போகிறாள் என்று யாரும் கேட்காததில் அம்மாவுக்கு நிம்மதி. கேட்டால் 'தண்ணி சம்பந்தமா' என்று சொல்லிச் சமாளிக்கத் தயாராக இருந்தாள்.

வெளிநாட்டு மாணவர்களை உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கவைப்பதற்கென்றே கல்லூரியில் ஓர் அலுவலகம் இருந்தது. அங்கிருந்து வந்த தாளில் மூன்றே வரி. தனி அறை. இரு வேளை உணவு. தினமும் பேச்சுப் பயிற்சி. மூன்றாவது வரியை அவள் நாலு தடவை படித்தாள். அந்த ஊர் மொழியை எட்டு மாதம் வகுப்பில் படித்திருந்தாள். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுவாள். ஆனால் ஒரு மனித முகத்தைப் பார்த்து அந்த மொழியில் ஒரு வாக்கியம் பேசியதில்லை.

வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் வைத்திருப்பார். வீட்டம்மா கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவர். யாரோடு பேசினாலும் அவர்கள் கண்ணுக்குள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி உற்றுப் பார்ப்பார். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். பிள்ளைகள் இல்லை. "என்னை அத்தைன்னு கூப்பிடும்மா. அவர மாமான்னு கூப்பிடு" என்றார் வீட்டம்மா, பெட்டியை உள்ளே இழுத்து வைத்தபடி.

முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அத்தை சூப்பை ஊற்றினார். மாமா அவருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் சூப் வேணுமான்னு மாமாகிட்ட கேளும்மா" என்றார் அத்தை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஓஹோ, இதுதான் பேச்சுப் பயிற்சி. நாக்கை நனைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "மாமா... இன்னும் கொஞ்சம்... சூப் வேணுமா?"

"உப்பு கம்மி, வேணாம்னு சொல்லு."

"உப்பு கம்மியாம். வேணாமாம், அத்தை."

"சபாஷ்!" என்றார் அத்தை. "அந்த 'ழ' மாதிரி வர்ற எழுத்துல மட்டும் நாக்க இன்னும் கொஞ்சம் மடக்கு. மடக்கிட்டு, உப்பு பாட்டில் அவர் கைக்கிட்டதான் இருக்குன்னு சொல்லு."

மூன்று நாள் அவள் இதை ஒரு கற்பிக்கும் முறை என்றே நம்பினாள். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு என்று வியந்து, புதுச் சொற்களை நோட்டில் எழுதிவைத்தாள். நாலாம் நாள் காலை மாமா குளியலறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"என் துண்டால தரையத் துடைச்சது யாருன்னு அவங்களக் கேளு."

அத்தை இரண்டடி தூரத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவள் கேட்டாள்.

"கோபம் பத்தல" என்றார் மாமா. "கடைசி வார்த்தைய இழுத்துச் சொல்லு. துடைச்சது யாஆரு?"

"துடைச்சது யாஆரு, அத்தை?"

"அது தரைத்துணின்னு நெனச்சேன், பாக்க அப்படித்தான் இருந்துதுன்னு சொல்லு" என்றார் அத்தை. "சொல்றப்ப லேசா சிரி. அந்தச் சிரிப்புதான் முக்கியம்."

அவள் லேசாகச் சிரித்தபடி சொன்னாள். மாமாவின் முகம் கறுத்தது. அத்தை திருப்தியாகத் தலையாட்டினார். அப்போதுதான் அவளுக்கு ஏதோ இடறியது.

விஷயத்தைச் சொன்னது கீழ்வீட்டுத் தையல்காரி. "ஒம்பது வருஷமா ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கிறதில்ல. நீ ஏழாவது ஆளு. நடுவுல ஒரு தடவ ரெண்டு மாசம் யாரும் கிடைக்கல. வாஷிங் மெஷின் ரிப்பேர்க்காரர வாரத்துக்கு மூணு நாள் கூப்பிட்டாங்க. மெஷின்ல ஒரு கோளாறும் கிடையாது. அந்தாளு சோபாவுல நடுவுல உக்காந்து டீயக் குடிச்சுட்டு, இந்தப் பக்கம் சொல்றத அந்தப் பக்கம் சொல்லிட்டுப் போவாரு."

"என்ன சண்டையாம்?"

"அத அவங்ககிட்ட யார் கேக்கறது? கேட்டாலும் யார் மூலமா பதில் சொல்லுவாங்க?"

அன்று சாயங்காலம் அவள் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு ஒரு சந்தேகம் கேட்டாள். "அத்தை, மாமா சொன்னது உங்க காதுலயே விழுதே. நான் எதுக்கு மறுபடி சொல்லணும்?"

அத்தை அவளை அனுதாபமாகப் பார்த்தார். "காதுல விழறது வேற. சொல்லி அனுப்பறது வேற. தெருவுல போறவன் பேசறதுகூடத்தான் காதுல விழுது. அதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருக்க முடியுமா?"

அடுத்த அறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "அவங்க சொல்றது சரின்னு சொல்லு!"

ஒன்பது வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் போலிருக்கிறது.

போகப் போக வேலை வீட்டோடு நிற்கவில்லை. வகுப்பில் வண்டல் படிவு பற்றிப் பாடம் நடக்கும்போது போன் துடிக்கும். ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் கூண்டுமேல் நின்றுகொண்டு மாமா பேசுவார்: "மழை வர்ற மாதிரி இருக்கு. என் குடை எங்கன்னு அவங்களக் கேளு." இவள் கடைக்குப் போன் போடுவாள். அங்கே யாரோ எழுத்துப் பலகை படிப்பது கேட்கும். "கீழ் வரி படிங்க... குடை அலமாரிக்குப் பின்னாடின்னு சொல்லு... இல்ல சார், உங்களச் சொல்லல, நீங்க கீழ் வரியப் படிங்க."

இதில் ஒரு லாபம் இருந்தது. அவள் பேச்சு தண்ணீர் மாதிரி ஓட ஆரம்பித்தது. ஆனால் அவளுக்கு வந்ததெல்லாம் சண்டை மொழி. 'தயவுசெய்து', 'முடியுமா', 'நன்றி' எல்லாம் இன்னும் தடுக்கின. குத்தல், இடிப்பு, ஏளனம் மட்டும் பிறந்த ஊர்க்காரி மாதிரி வந்தன. ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் ஒரு நாள் கழிவுநீர் மாதிரி எடுத்த புட்டியை மூடாமல் வைத்திருந்தார். வீட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான வாக்கியம் அவள் வாயிலிருந்து தானாக வந்தது: "என்னிக்குத்தான் நீங்க எடுத்தத எடுத்த எடத்துல மூடி வெச்சிருக்கீங்க? சொல்லணும்னே எனக்கு இல்ல. சொல்லி என்ன ஆகப் போகுது?"

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். பொறுப்பாளர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மாதிரி தன்னோடு பேசிய ஒரே ஆள் தன் மனைவிதான் என்று பிறகு மற்றவர்களிடம் சொன்னாராம், மரியாதையோடு.

ஐந்தாம் மாதம் அந்த விபரீதம் நடந்தது. வகுப்பு மொத்தமும் ஊர்க்கோடியில் இருந்த சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயிருந்தது. ராட்சச பம்புகளுக்கு நடுவில் நிற்கும்போது மாமாவும் அத்தையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள். பால்கனிக் கதவுச் சாவியைக் கடைசியாக எடுத்தது யார் என்பதில் தகராறு. பம்பு இரைச்சலுக்கு மேல் அரைமணி நேரம் அவள் இந்தப் பக்கத்துக் கோபத்தை அந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்து நக்கலை இந்தப் பக்கத்துக்கும் கத்திக் கத்திச் சொன்னாள். சாவி கிடைத்தது. அவள் குரல் போய்விட்டது.

தொண்டையைப் பார்த்த டாக்டர் பத்து நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார். கிசுகிசுக்கவும் கூடாது.

வீடு இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெந்நீரும் தேனும் மணிக்கொரு தரம் வந்தன. முதல் நாள் அவள் எழுதிக் காட்டினாள். கோபத்தை எழுத்தில் சரியாகக் காட்டவில்லை என்று மாமாவும், சிரிப்பை எங்கே காணோம் என்று அத்தையும் குறைப்பட்டுக்கொண்டார்கள். சைகை காட்டினாள். 'மொட்டைமாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை' என்பதை நடித்துக் காட்டியதில், யாரோ மாடியிலிருந்து விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து அத்தை அலறிக்கொண்டு ஓடினார்.

நாலாம் நாள் மத்தியானம் டாக்டரிடம் தொண்டையை மறுபடி காட்ட அத்தையையும் அழைத்துப் போகலாம் என்று அவர் கடைக்குப் போனாள். கடையும் டாக்டரும் ஒரே கட்டடத்தில்தான், கடை நாலாவது மாடி, டாக்டர் தரைத்தளம். அந்தக் கட்டடத்து லிஃப்டை மாமா அன்று காலையிலிருந்து பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். மூவரும் ஒரே நேரத்தில் நாலாவது மாடி லிஃப்ட் வாசலில் நிற்கும்படி ஆயிற்று. நாலாவதாக ஒரு பெரியவர் வந்தார். கோர்ட்டில் முப்பது வருஷம் வாக்குமூலங்களைத் தட்டெழுதியவராம். அத்தையின் கடையில் கண்ணைப் பரிசோதிக்கச் சொட்டு மருந்து விட்டிருந்ததால் எதிரே நிற்பது தூணா ஆளா என்று அவருக்குத் தெரியவில்லை. கதவு மூடிக்கொண்டது. மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு விக்கல் விக்கி நின்றது.

கோர்ட்டுக்காரர் சுவரைத் தடவித் தடவி ஆபத்து மணியை அழுத்தினார். மாமாவின் பையில் போன் அடித்தது.

"ஹலோ, லிஃப்ட் சர்வீஸ்" என்றார் மாமா. "எந்தக் கட்டடம்? ...ஆமா, தெரியும். ஆள் உள்ளதான் இருக்காரு."

போனை வைத்துவிட்டு, கருவிப்பெட்டிமேல் ஏறிக் கூரைத் தகட்டைத் தள்ளினார். பெட்டி ஆடியது. அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். மேலே ஒரு விசையை அவர் இழுத்துப் பிடிக்கும்போது கீழே ஒரு பொத்தானை யாராவது அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கோர்ட்டுக்காரருக்குப் பொத்தான் தெரியாது. மிச்சம் இருந்தது அத்தை.

"பொத்தான அமுக்கச் சொல்லு" என்றார் மாமா, கூரையைப் பார்த்தபடி.

அவள் அத்தையைப் பார்த்துத் தலையை ஆட்டி, புருவத்தை உயர்த்தி, மோவாயால் பொத்தானைக் காட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் சொல்லி வரலயே" என்றார் அத்தை.

"அம்மா, அவர் இப்பத்தானே சொன்னாரு. எனக்கே கேட்டுது" என்றார் கோர்ட்டுக்காரர்.

"உங்களுக்குக் கேட்டுதுன்னா நீங்க சொல்லுங்க."

கோர்ட்டுக்காரர் குரல் வந்த திசையையும் இன்னொரு திசையையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருஷ வாசனை அவரை விடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொத்தானை அழுத்தும்படி அவர் கேட்டுக்கொள்கிறார். சரி, நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?"

"அவர் என் வீட்டுக்காரர்."

"அப்புறம் ஏன் பேசிக்கல? காரணம் என்ன?"

அவளுக்குக் கை வலித்தது. பெட்டியை விட்டால் மாமா விழுவார். கடைசியில் கூரைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஒம்பது வருஷம் முன்னாடி அவங்க அக்காவோட போன்ல பேசிக்கிட்டிருந்தாங்க. நான் குறுக்க ஏதோ கேட்டேன். 'கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்'னாங்க. இருக்கேன்."

"கொஞ்ச நேரம்னா எவ்வளவுன்னு சொன்னாங்களா?"

"சொல்லல."

கோர்ட்டுக்காரர் அத்தை பக்கம் என்று நினைத்து அவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"போன வெச்சுட்டுத் திரும்பிப் பாத்தேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு" என்றது அத்தையின் குரல் வேறு திசையிலிருந்து. "நானா போய்ப் பேசணுமான்னு நானும் விட்டுட்டேன். ரெண்டு நாள்ல சரியாயிடும்னு நெனச்சேன். அதுக்குள்ள முதல் பொண்ணு படிக்க வந்துட்டா. வசதியாப் போச்சு."

"சும்மா இருக்கச் சொன்னது நீங்க. போதும்னு சொல்ல வேண்டியதும் நீங்கதான்" என்றார் கோர்ட்டுக்காரர்.

அத்தை பொத்தான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவளிடம், "போதும்னு சொல்லும்மா" என்றார். அவள் வாயைத் திறந்தாள். காற்றுப் போன டயர் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"இந்தச் சாட்சி செல்லாது. நேரா சொல்லுங்க" என்றார் கோர்ட்டுக்காரர்.

"போதும்" என்றார் அத்தை, பலகையிடம். "பேசலாம்."

மேலே ஸ்பேனர் எதிலோ இடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் மாமாவின் குரல் வந்தது, கொஞ்சம் துருப்பிடித்த மாதிரி.

"பொத்தான அமுக்கு."

"எந்தப் பொத்தான்?"

"கீழேருந்து ரெண்டாவது."

"இதுவா?"

மாமாவின் பையில் போன் அடித்தது.

"அது மணி! அதுக்கு மேல!"

"கீழேருந்துன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒழுங்கா சொல்லக்கூடாதா?"

"ஒம்பது வருஷமா யாருகிட்ட சொல்லிப் பழக்கம்?"

லிஃப்ட் நகர்ந்தது. தரைத்தளத்தில் கதவு திறந்தபோதும் இருவரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். கோர்ட்டுக்காரரை அவள்தான் கைபிடித்து வெளியே கொண்டுவந்தாள். டாக்டர் அறைக்கும் அவள் தனியாகத்தான் போனாள்.

அன்று தொடங்கிய பேச்சு நிற்கவே இல்லை. ஒன்பது வருஷத்துச் சரக்கு இருவரிடமும் மூட்டை மூட்டையாகச் சேர்ந்திருந்தது. எந்தெந்த வருஷம் யார் யார் கல்யாணத்துக்கு ஏன் போகவில்லை, பழைய சோபாவை விற்றது சரியா, தையல்காரி வீட்டு நாய் உண்மையில் யாரைக் கடித்தது என்று சமையலறையிலும் குளியலறைக் கதவுக்கு இருபுறமும் நின்றுகொண்டும் பேசினார்கள். பேச்சு அவ்வளவு வேகமாகப் போனதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. அவளுக்குக் குரல் திரும்பியதை இருவருமே கவனிக்கவில்லை. மேஜையில் உப்பு வேண்டுமென்றால் அவள் தலைக்கு மேலே ஒரு கை நீண்டு எடுத்துக்கொண்டது. போன் வருவதும் நின்றது. வகுப்பில் ஐந்து மாதத்தில் முதல்முறையாகப் பாடம் முழுதாகக் காதில் விழுந்தது. அவளுக்கு அது என்னவோ போல் இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை அவள் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பின்னால் மாமா நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. எங்களுக்கு இனிமே ஆள் தேவைப்படல. காலேஜ்ல சொல்லி உனக்கு வேற நல்ல வீடா பாக்கச் சொல்லிருக்கோம்."

அவள் வாயிலிருந்து இதுவரை அந்த மொழியில் வந்ததெல்லாம் யாரோ சொல்லச் சொன்னது. இப்போது யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. ஆனாலும் வந்தது.

"நான் எங்கயும் போகல" என்றாள். "அஞ்சு மாசமா உங்க ரெண்டு பேருக்கும் வாயா இருந்தேன். தரைத்துணிக்கு ஒரு சிரிப்பு, குடைக்கு ஒரு கோபம்னு ராத்திரி கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன். தொண்டை போச்சு. இப்ப வேல முடிஞ்சுதுன்னு வாசலக் காட்டறீங்களா? அந்தத் தாள்ல தினமும் பேச்சுப் பயிற்சின்னு போட்டிருக்கு. என்கிட்ட யாரு பேசினீங்க? நல்லா இருக்கியான்னு ஒரு நாள் கேட்டீங்களா? என்னைத்தான் கேக்கச் சொன்னீங்க, 'அவர் நல்லா இருக்காரான்னு கேளு'ன்னு!"

கடைசி வார்த்தையை இழுத்துத்தான் சொன்னாள். கோபம் பத்தாமல் இல்லை.

மாமா மெதுவாக அத்தை பக்கம் குனிந்தார். "என்ன சொல்றா?"

"போக மாட்டாளாம்."

"ஏனாம்?"

"நாம அவகிட்ட பேசவே இல்லயாம்."

"அது உண்மதானே?"

"உண்மதான்."

இருவரும் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள். சுவர் மெல்லியது. ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குக் கேட்டது. பாத்திரம் கழுவுவது யார் என்ற வேறொரு விவகாரத்துக்குள் இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். கடைசியில் வெளியே வந்து, படிப்பு முடிகிறவரை இங்கேயே இருக்கலாம் என்றும், இன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் முதல் அரைமணி நேரம் அவள் பேச வேண்டும், தாங்கள் கேட்கப் போகிறோம் என்றும் தெரிவித்தார்கள்.

அன்று மேஜையில் இருவரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவளுக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. தெரிந்தது ஒன்றுதான். வீட்டுக் குழாயிலிருந்து இறங்கிய அழுக்குத் தண்ணீர் தெருவுக்கடியில் எப்படிப் போகிறது, வண்டல் தொட்டியில் எப்படி மெல்ல மெல்ல அடியில் தங்குகிறது, அதைத் தின்பதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எப்படி வளர்க்கப்படுகின்றன என்று சொல்ல ஆரம்பித்தாள். சூப் ஆறிப்போனது. அத்தை முகத்தைச் சுளிக்கவில்லை. அவள் கண்ணுக்குள் உற்றுப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நம்ம வீட்டுத் தண்ணி முதல்ல எந்தப் பக்கம் போகுது?" என்றார் மாமா. "பேக்கரிப் பக்கமா, பள்ளிக்கூடப் பக்கமா?"

"சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். மூடியத் திறந்து பாத்தாத் தெரியும்."

"பேக்கரிப் பக்கம்தான் பள்ளம்" என்றார் அத்தை.

"இல்லவே இல்ல, பள்ளிக்கூடப் பக்கம்."

வெளியே இன்னும் வெயில் இருந்தது. மாமா கருவிப்பெட்டியிலிருந்து நெம்புகோலை எடுத்தார். தெரு நடுவில் இருந்த வட்ட மூடியை அவர் நெம்ப, அத்தை விளிம்பைப் பிடிக்க, "கால ஜாக்கிரதை, கால ஜாக்கிரதை" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்று பேரும் மண்டியிட்டுக் குழிக்குள் தலையை நீட்டினார்கள். மேலே அத்தையின் சமையலறையில் குழாயைத் திறந்துவைத்துவிட்டு வந்திருந்தார்கள். அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும்.

பையோடு போன ஒரு ஆள் நின்று, "என்ன விழுந்துருச்சு?" என்று பதறினார்.

"ஒண்ணும் விழல" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."